கடைசி பஸ்ஸும் டிரம்ஸ் பாக்கியமும்

என் மூத்த மகளின் மகன் மின்சார வேலைப் படிப்பை முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான். அவன் தங்கைக்குச் சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடத்துக்கு ஏ, ஒரே ஒரு பி. அந்த பியும் கணக்குக்கு இல்லை, சித்திரத்துக்கு. சின்ன மகனின் மூத்தவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறாள். எங்கள் லயத்திலிருந்து, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, போகும் முதல் ஆள். கடைக்குட்டி புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் போய்விட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையை எடுத்தவள். அதே ஐந்தாம் வகுப்பில் என் பேத்தி மேடையேறிப் பதக்கம் போட்டுக்கொண்டாள்.

இவ்வளவும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய தோழி பாக்கியத்திடம் சொல்வதற்காக நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தவை. ஞாயிறு காலை பத்து மணி என்றால் நான் றக்வானையிலிருந்து எஹலியகொடைக்குப் போன் போடுவேன். நலம் விசாரிப்பது எல்லாம் கிடையாது. நேரே பேரப்பிள்ளைகளைக் களத்தில் இறக்கிவிடுவோம். அவள் பக்கத்தில் நர்ஸ் வேலைக்குப் போகும் நிரோஷா, டியூஷன் வைத்து நடத்தும் ஒருவன், கராத்தேயில் பச்சைப் பட்டி வாங்கிய ஒருவன். கடைசியில் அவள்தான் விட்டுக்கொடுப்பாள். "சரி, இந்தக் கெழம நீதான் ஜெயிச்ச. அந்தப் புள்ளையோட புதுப் போட்டோ ஒண்ணு போன்ல போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பாள்.

அன்றைக்குப் போனை எடுத்தது நிரோஷா.

"ராசம்மா அம்மாயி... எங்க அம்மாயி விடிய எந்திரிக்கல்ல."

தூங்குகிறாளாக்கும் என்று நினைத்து, "எழுப்பிவிடு, எனக்கு நெறைய சொல்ல இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் பிள்ளை அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. 

சாயங்காலமே நம் தோட்டத்துப் பிள்ளைகளின் போன் குழுவில் மரண அறிவித்தல் வந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் அவள் யாரிடமோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள். படத்துக்குக் கீழே ஒருவர், "மிகவும் அமைதியான அம்மா" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அமைதியா? பாக்கியமா? அதைப் பார்த்ததால்தான், சாவுக்குப் போய் வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அவளைக் கிழவியாக மட்டும் பார்த்த பிள்ளைகளே, அவளோடு மலையில் நின்ற என் வயதுக்காரர்களே, அந்த வரியை அழித்துவிடுங்கள். இந்தச் சபரகமுவ மலைகளில் டிரம்ஸ் அடித்த முதல் பெண் அவள்தான். இல்லை என்கிறவர்கள் இன்னொரு பேரைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கியம் எங்கள் தோட்டத்துத் தப்பு மேளக்காரர் மாரிமுத்துவின் மகள். விடிய ஐந்து மணிக்கு லயத்தை எழுப்புவது அவர் மேளம்தான். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி என்று தனித்தனியாக இருந்தன. அவர்கள் குடும்பம் லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் இருந்தது. அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும். நான் குடிப்பேன். அம்மா பார்க்காதபோது குடிப்பேன் என்று எழுதுவதுதான் சரி.

எங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் இரத்தினபுரியில் கார்னிவல் போட்டால் மியூசிக்கல் ஷோ இருக்கும். எங்களுக்குப் பிடித்த குரூப் 'பிளாக் அம்ப்ரெல்லாஸ்'. தோள் வரைக்கும் முடி, தெருக்கூட்டும் பெல் பொட்டம், நாலு பேரும் கறுப்புச் சட்டை. மழைக்குப் பேர்போன ஊரில் குடையைப் பெயராக வைத்துக்கொண்டு, ஒரு நாளும் குடை பிடிக்காமல் நனைந்துகொண்டே பாடுவார்கள். சிங்களத்தில் பாடுவார்கள், இங்கிலிஷில் பாடுவார்கள், ஆசைக்கு இரண்டு தமிழ்ப் பாட்டும் வரும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பீலித் தண்ணீரில் குளித்து, ஆளுக்கொரு நல்ல பாவாடை கட்டிக்கொண்டு இறங்குவோம். வீட்டில் இரத்தினபுரிக் கோயிலுக்கு என்று சொல்வோம். பொய் இல்லை, கோயிலுக்கும் போனோம். ஐந்து நிமிஷம் போதும் என்று சாமியே சொல்லிவிடும். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனோம். நாங்கள் தகர வேலி ஏறிக் குதித்ததாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

முதல் தடவை அந்தப் பெரிய டிரம்மின் சத்தம் என் நெஞ்சுக்குள் வந்து மோதியபோது பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கை நிற்கவில்லை. என் கையையும் சேர்த்துத் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்காரனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாட்டுக்காரன பாக்காத புள்ள. பின்னுக்கு ஒருத்தன் ஒக்காந்திருக்கான் பாரு. அவன் நிப்பாட்டுனா இவனுங்க எல்லாம் சும்மா நிக்கிற ஆளுங்கதான்."

"இங்கிலிஷ் பாட்டு ஒண்ணுமே வெளங்கல்லையேடி."

"வெளங்க வேணாம். உள்ள இடிக்குதா இல்லையா, அத சொல்லு."

இடித்தது. இன்றைக்கும் இடிக்கிறது.

ஆனால் ஒரு குறை இருந்தது. ஷோ நாலு மணிக்குத் தொடங்கும். றக்வானைக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதை விட்டால் வளைவும் மேடுமான அந்த ரோட்டில் வேறு வழி கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கியும் மேலே மூன்று மைல் நடை. அதனால் ஐந்தரைக்கு, பாட்டு நன்றாகச் சூடு பிடிக்கும் நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஓட வேண்டும். நாங்கள் பஸ்ஸில் ஏறும்போதும் தூரத்தில் டிரம்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்தில் ஏழெட்டு ஷோ பார்த்திருப்போம். ஒன்றிலாவது கடைசிப் பாட்டைக் கேட்டதில்லை.

"கடைசி பாட்டத்தான் நல்லதா வச்சிருப்பானுங்க" என்று வழியெல்லாம் புலம்புவாள். "எல்லாத்தையும் முன்னுக்கே பாடிருவானுங்களா? நாம வந்த பொறகு என்னமோ நடக்குது புள்ள."

அதற்குப் பிறகு திங்கட்கிழமை மலையில் அவள் கூடை சும்மா இருக்காது. ஒரு கை கொழுந்து எடுக்கும், மற்றக் கை கூடையில் தட்டும். கங்காணி கீழே இருந்து கத்துவார். "ஏ பாக்கியம், கூடைய அடிச்சா கொழுந்து நெறையுமா?"

"அடிச்சாதான் கங்காணி அடியில படியும். இன்னும் ரெண்டு றாத்தல் புடிக்கும்."

நிரை முழுவதும் சிரிக்கும். ஆனால் நிறுக்கும்போது அவள் கூடைதான் கனமாக இருக்கும். கையில் தாளம் இருந்தால் வேலை தானாக ஓடும் என்பாள்.

றக்வானை பஜாரில் சுனில் என்று ஒரு சிங்களப் பொடியன் இருந்தான். அவன் அப்பாவுடையது பேக்கரி. பாண் வேகும் நேரத்தில் பின்கட்டில் கிட்டார் வாசிப்பான். எங்கள் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஃபாக்டரியில், எஞ்சின் வேலை பார்த்த ராமையா அவனோடு சேர்ந்து பேஸ் கிட்டார் வாசித்தார். பாண் வாங்கப் போன பாக்கியம் கொஞ்ச நேரம் வாசலில் நின்று கேட்டாள். பிறகு உள்ளே போனாள்.

"அண்ணே, நீங்க நாலு அடிக்கு ஒருக்கா முன்னுக்கு ஓடிர்றீங்க. அவரு பாவம் பின்னால தொரத்திக்கிட்டு வாறாரு."

சுனிலுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு அரைத் தமிழ், அவளுக்கு முழுச் சிங்களம். "ஹரி நங்கி, சரி தங்கச்சி, அப்ப நீ வந்து புடிச்சி வச்சிக்கோ" என்றான். அப்படித்தான் குரூப் தொடங்கியது. கடைசி பஸ்ஸால் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னதும் சுனிலே பெயரும் வைத்தான்: 'த லாஸ்ட் பஸ்'.

டிரம்ஸ் வாங்க முடியுமா? செய்தோம். பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட்ட ஒரு சின்ன டிரம் கிடைத்தது. பெரிய டிரம்முக்குத் தேயிலைப் பெட்டி. மாரிமுத்து அதன் வாயில் வளையம் வைத்து ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ஜல்லென்று தட்டுகிறார்களே, அதற்குப் பேக்கரியின் பாண் தட்டு. கம்பு இரண்டும் கொய்யாக் கம்பு, அவளே சீவியது. லயத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். பொம்பளைப் பிள்ளை மேளம் அடிக்கிறதா என்று ஒரு பெரிய மனிதர் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"மேளமா இருந்தா ஒண்ணுதானே பெரியப்பா இருக்கும்? வந்து எண்ணிப் பாருங்க, மூணு இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தோலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் தொய்ந்துவிடும், சூடு பட்டால்தான் விறைக்கும். மாரிமுத்துவும் நெருப்பில் காட்டித்தான் தப்பு மேளத்தை எடுப்பார். பேக்கரியில் போறணை அடுப்புச் சூடு இருந்ததால் பழகும்போது எங்களுக்கு அந்தக் கவலையே வரவில்லை. தோட்டத்து மைதானத்தில் ஷோ வைக்கத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதி கொடுத்த பிறகுதான் மழை ஞாபகத்துக்கு வந்தது. ஆகவே மேடைக்குப் பின்னால் நெருப்பு வேண்டும் என்று முடிவானது. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை மிலாறு என்போமே, அதை நன்றாகக் காய வைத்து ஒரு கட்டு வைத்திருந்தோம். அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. குரூப்பில் என் பதவி அதுதான்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. மைதானம் நிறைந்து, மேட்டிலும் ஆட்கள். துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் ஸ்டோரிலிருந்து வயர் இழுத்து எடுத்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், ஷோ தொடங்குவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு எச்சரிக்கை விட்டார். "யாரும் வயர மிதிக்காதீங்க. சூடாகி பத்திக்கிச்சின்னா ஸ்டோரே போயிரும்." எல்லோரும் ஒரு தடவை மேலே ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையின் முதுகு ஸ்டோர் பக்கம்தான் இருந்தது.

நாலு பாட்டு நன்றாகப் போயின. ஐந்தாவதில் தூறல் தொடங்கியது. பெரிய டிரம் பொத் பொத்தென்று ஆகிவிட்டது. பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்து நெருப்பு என்று கையைக் காட்டினாள். அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். நெருப்பு அணையும் நிலையில் இருந்தது. ஏன் என்றால், அவ்வளவு நேரமும் நான் நெருப்பைப் பார்க்கவில்லை, ராமையாவின் பேஸ் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டாரை மட்டும் இல்லை. பின்னால் அவரையே கட்டிக்கொண்டேன். ஆகவே இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கிடந்த தணலில் எப்படியோ ஊதி டிரம்மைக் காய்ச்சிக் கொடுத்தேன். தோல் கிண்ணென்று விறைத்துவிட்டது. சுனில் கிட்டாரை நிறுத்தி, "டிரம்ஸ் பாக்கியம்!" என்று மைக்கில் கத்தினான். அவள் தனியாக அடிக்க வேண்டிய இடம் அது. அவள் தொடங்கினாள். நான் நெருப்பு இனிமேல் அணையக்கூடாது என்ற பதற்றத்தில், காய்ந்தது எது, நனைந்தது எது என்று பார்க்காமல் மிலாறுக் கட்டு முழுவதையும் தூக்கி நெருப்பில் போட்டேன்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். பாக்கியத்தின் அடி ஏற ஏறக் கூட்டம் கூச்சல் போட்டது. அவள் கண்ணை மூடிவிட்டாள். சூட்டில் விறைத்த அந்தத் தோலில், அந்தக் கொய்யாக் கம்பில், சத்தம் டிரம்ஸ் சத்தமாக இல்லை. அப்படியே அவள் அப்பாவின் மேளம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று அடி, ஒரு நிறுத்தம்.

நம் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த அடி தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விறகுக் கொட்டில் எரிந்த அன்று மாரிமுத்து அடித்த ஆபத்து அடி. அதற்குப் பிறகு யாரும் அடித்ததில்லை. ஆனால் உடம்பு மறக்குமா? கூச்சல் பொசுக்கென்று நின்றது. எல்லோர் கண்ணும் மேடைக்குப் பின்னால் போனது. அங்கே, ஸ்டோரின் திசையில், நான் போட்ட ஈர மிலாறின் புகை கறுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.

"ஸ்டோரு பத்திக்கிச்சி!"

யார் சொன்னது என்று இன்றுவரைக்கும் தெரியாது. மைதானம் எழுந்தது. வாளி, குடம், கறிச்சட்டி, கையில் அகப்பட்டதோடு மேட்டில் ஏறி ஓடினார்கள். என் அம்மா ஓடினார். துரையும் ஓடினார். வயதான ஒரு பாட்டி சோற்றுக் கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஓடவில்லை, எனக்கு விஷயம் தெரியும். ஆனால் அதைக் கத்திச் சொல்லாமல், ஈரக் குச்சிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் குறைந்ததும் பாக்கியம் கண்ணைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் வெறும் மைதானம்.

"எங்க புள்ள எல்லாரும்?" என்றாள். "அவ்வளவு மோசமாவா அடிச்சேன்?"

ஸ்டோரில் டீமேக்கர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் விசாரிக்க நிற்கவில்லை. அரைத்துப் பரப்பி வைத்திருந்த சனிக்கிழமைக் கொழுந்து முழுவதிலும் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. பாக்கியமும் மாரிமுத்துவும் முன்னால் நின்றார்கள். நான் கூட்டத்தோடு நின்றேன். யார் அடித்தது, யார் அடிக்கச் சொன்னது என்று துரை கேட்டார். நெருப்பு யார் போட்டது என்றும் கேட்டார். நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பாக்கியம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் நான்தான் தொரைங்களே. நெருப்புன்னு நான் சொல்லல்ல. பாட்டுக்கு அடிச்சேன். கை தானா அப்பா கை மாதிரி போயிருச்சி. ஓடுனவங்க நெருப்புன்னு நெனச்சி ஓடுனாங்க. நாளைக்கி நெசமாவே பத்திக்கிச்சின்னா எப்பிடி ஓடி வருவாங்கன்னு நீங்களும் பாத்துக்கிட்டீங்கல்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். துரைக்கும் சிரிப்பு வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு இரண்டு கிழமை வேலை இல்லை. இனித் தோட்டத்தில் டிரம்ஸ் கூடாது. மாரிமுத்துவின் மேளத்தையும் ஒரு மாதம் ஆபீஸில் வாங்கி வைத்துவிட்டார்கள். திரும்பிப் போகும் வழியில் ஆட்கள் அவரிடம் துக்கம் விசாரிப்பது மாதிரி பேசினார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மேளம் திரும்பி வரும். முப்பது வருசம் அடிச்சேன், எனக்கு இவ்வளவு பேரு ஒரே அடியில எந்திரிச்சதில்ல. எம் மகளுக்கு எந்திரிச்சாங்க."

நான் மட்டும் வாய் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாள் போனது. அடுத்த வருஷம் அவளை எஹலியகொடைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். போகும்போது கொய்யாக் கம்பில் ஒன்றை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று உள்ளே அரித்தது. அங்கே பால் வெட்டப் போன பாக்கியம், வெட்டுக் கத்தியின் பிடியால் சிரட்டையில் தட்டித் தட்டியே நிரையை முடிப்பாளாம். மற்றவர்களுக்கு முன்னால் வாளி நிறைந்துவிடுமாம். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. அந்த ஒரு கட்டு ஈர மிலாறு மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் என் நெஞ்சில் புகைந்துகொண்டே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரத்தினபுரியில் பழைய குரூப்களைக் கூப்பிட்டு ஷோ வைத்தார்கள். பிளாக் அம்ப்ரெல்லாஸ் வருகிறார்கள் என்று நிரோஷாதான் போனில் பார்த்துச் சொன்னாள். வேன் பிடித்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். பழைய நாலு பேரில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவருக்கு முடி கொட்டிவிட்டது, மற்றவர் உட்கார்ந்துகொண்டே பாடினார். பாக்கியம் முன்னால் இருந்த வெறும் பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே இருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் மேடையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். நிரோஷா போனில் படம் எடுத்தாள்.

ஏழு மணி இருக்கும். "அடுத்து எங்கள் கடைசிப் பாட்டு" என்று மேடையில் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டோம்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று நிரோஷா சேலையைப் பிடித்து இழுத்தாள். "பஸ் இல்ல அம்மாயி, வேன்! நமக்காகத்தான் நிக்கிது!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு தொடங்கியது. நாலு அடி கேட்டதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இது மொதல்ல பாடுன பாட்டுடி!"

ஆமாம். தொடங்கிய பாட்டையே முடிவிலும் பாடினார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். "இதுக்கா புள்ள இவ்வளவு காலம் அழுதோம்? நாம ஒண்ணையுமே விடல்ல. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறியிருக்கோம்."

திரும்பும் வழியில், அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், வேனுக்குள் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கி ஈர மிலாற போட்டது நான்னு ஒனக்குத் தெரியும்தானே? ஏன் தொரைகிட்ட சொல்லல்ல? என்னைய காப்பாத்தத்தானே?"

"ஒன்னைய காப்பாத்தவா?" பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போடி இவளே. நான் ஏன் சொல்லணும்? பொகையினாலதான் ஓடுனாங்கன்னு ஆயிரும்ல? எங்க வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிக்காதவங்க அத்தன பேரும் அன்னைக்கி எம் அடிக்கு வாளியோட ஓடுனாங்க. ஒங்க அம்மாதான் முன்னுக்கு. அத நான் எவ்வளவு காலமா பத்திரமா வச்சிருக்கேன். அதுல ஒனக்கும் ஒரு பங்கு வேணுமாக்கும்?"

நிரோஷா முன் சீட்டிலிருந்து சிரித்தாள்.  நான் குற்றம் என்று சுமந்துகொண்டு திரிந்ததை அவள் பதக்கம் மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். மன்னிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றத்தையே எனக்குத் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

எஹலியகொடையில் அவள் சாவு வீட்டில் மேளம் அடித்த பிள்ளைகள் மெதுவாக, அடக்கமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் பலமாத்தான் அடிங்களேன். போறவ யாருன்னு தெரியுமா?" என்றேன். தெரியாதாம். சொன்னேன். அதற்குப் பிறகு அடித்தார்கள் பாருங்கள், இறப்பர் மரத்திலிருந்து காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. கடைசி அடி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கொய்யாக் கம்பு என்னிடம் இருக்கிறது. சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது, அடிக்கத் தெரிந்தால் மட்டும் தொடலாம். புதிதாக எந்தப் பாட்டைக் கேட்டாலும் உள்ளே இடிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் என்னிடம் இருக்கிறது. பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் தேடும் கண் இருக்கிறது. ஷோ நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நான் பங்கு கேட்கவில்லை, பாக்கியம். புகை என்னுடையது. ஓட வைத்தது நீதான். அன்றைக்கு ஆபீஸ் வாசலில் சொல்லாததை இன்றைக்கு நம் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் எழுதிவிட்டேன்.

நிரோஷா, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். குழுவில் இருக்கும் அந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்துவிடு. அன்றைக்கு ஷோவில் கதிரையில் அடிக்கும்போது எடுத்தாயே, அது உன் போனில் இருக்கும். கை இரண்டும் கலங்கித்தான் தெரியும் என்று நீ சொன்னாய். கலங்கட்டும், அவள் கை எப்போது சும்மா இருந்தது? யோசிக்காமல் அந்தப் புதுப் போட்டோவைப் போடு புள்ள.